விதைத்தாளும் ஒரு பிடி முளைக்கீரையும்

சென்ற ஆண்டு வந்த ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில், "மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் துளசி முளைக்கும்" என்று ஒரே ஒரு வரியை அச்சிட்டிருந்தார்கள். பிள்ளையார் படம் போட்ட பத்திரிகைகளைக் குப்பையில் போட மனம் வராமல் பரண்மேல் அடுக்கி வைத்து, பரணும் நிறைந்த பின் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும் வீடு எங்களுடையது. ஆகவே தாளுக்குள்ளேயே விதையை வைத்துச் செய்த இந்த விதைத்தாள் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சாமி படத்தை மண்ணுக்குள் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். களிமண் பிள்ளையாரைக் கிணற்றில் கரைக்கிறோமே, காலில் மிதிபடாமல் இருந்தால் சரி என்றார்.

தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்து மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது, அந்த அட்டை நமத்துப்போன அப்பளம்போல் வளைந்து, விதைகளைத் தனக்குள் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தது. விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் விதைக்க வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. துளசி விதை கடுகைவிடச் சிறியது. அதற்கு ஓர் அங்குலம் என்பது கிணற்றுக்குச் சமம்.

பிறகு விதைத்தாளை நானே செய்து பார்ப்பது என்று இறங்கினேன். பழைய செய்தித்தாளையும் ஒருபக்கம் எழுதிய நோட்டுத் தாள்களையும் துண்டு துண்டாகக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, இனிச் சமையலுக்கு ஆகாத ஒரு மிக்ஸி ஜாரில் கூழாக அரைத்தேன். பளபளப்புப் பூச்சுள்ள தாள் கரையாது. அதைத் தொடவே வேண்டாம். பழைய புகைப்படச் சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, கூழை மெல்லியதாக வாரி, அதன்மேல் முளைக்கீரை விதையைத் தூவி, வேட்டித் துணியால் ஒற்றி நீரை எடுத்தேன். விதையைக் கூழோடு சேர்த்து அரைத்தால் மிக்ஸியின் கத்தி அதை மிச்சம் வைக்காது. கழிவிலிருந்து கையால் தாள் செய்வது ஒன்றும் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா 1934-இல் தொடங்கி வார்தாவில் வளர்த்தெடுத்த கிராமக் கைத்தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று; விதையைச் சேர்த்ததுதான் நம் காலத்து வேலை.

நான் செய்த தவறு, ஐப்பசி அடைமழையில் இதைத் தொடங்கியது. தாள் காயவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ஈரத் தாளின் மேல் வெள்ளை நூல்போல வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஓரங்களில் பூசணமும் பிடித்திருந்தது. விதை விழித்துக்கொள்வதற்குள் தாள் காய்ந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். அதற்காகச் சூடு காட்டினால் விதை செத்துவிடும். மாசியில் மறுபடியும் செய்து, காலை இளவெயிலிலும் பிறகு மின்விசிறிக் காற்றிலும் காயவைத்தபோது, மாலைக்குள் மொறமொறவென்று தாள் கைக்கு வந்துவிட்டது. செய்தித்தாள் மையினால் நிறம் மட்டும் சாம்பல்தான்.

அதை விரல்நுனி அளவு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, மண்மேல் பரப்பி, கண்ணுக்குத் தாள் மறையும் அளவுக்கு மட்டும் மட்கிய எருவைத் தூவி, கையால் தண்ணீர் தெளித்துவந்தேன். நான்காம் நாள் சிவப்புத் தண்டுகளோடு கீரை எட்டிப்பார்த்தது. நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிட்டதில் மிஞ்சியவை, 25 நாளில் ஒருவேளைக் கடைசலுக்கு ஆயின. துளசி விதை தூவி நான் செய்த தாளில் முளைத்தவை மூன்று. இன்று நிற்பது ஒன்று.

இப்போது அக்கா மகளின் பிறந்தநாளுக்காக 40 அட்டைகள் கொடியில் காய்கின்றன. பின்பக்கத்தில் எழுத வேண்டியதை முடிவு செய்துவிட்டேன்: "கிழிக்கவும், ஊறவைக்கவும், மண்ணை மேலாகத் தூவவும், புதைக்க வேண்டாம்."