மலையடித் தோட்ட வீடும் காட்டுத்தீயும்: படித்ததில் எது உதவியது

மாசி பிறந்ததும் அழகர்மலை, சிறுமலைச் சரிவுகளில் புல் காய்ந்துவிடும். அடிவாரத் தோட்ட வீட்டு வேலைகளை அதற்கு முன்பே முடிப்பது நல்லது. இணையத்தில் தேடுபவர்கள் பெரும்பாலும் தீ வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டைக் காப்பதற்கான பகுதி வேறு.

செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம் இலவசம், செல்போனிலேயே திறக்கும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 'வன் அக்னி' தளத்தில் பதிந்து வைத்தால் குறுஞ்செய்தியே வரும். ஃபர்ம்ஸில் முதல் குழப்பம் நேரம். அது உலகப் பொது நேரம். 8.00 என்று இருந்தால் 5.30 மணி கூட்டி, நமக்குப் பகல் 1.30. அடுத்தது புள்ளி. செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி சுமார் 375 மீட்டர் கட்டத்தின் நடு. தீ அந்தக் கட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். செங்கல் சூளையும் கரும்புச் சோகை எரிப்பதும்கூடப் புள்ளியாக விழும். மேகம் மூடினால் உண்மையான தீயே விழாது. செயற்கைக்கோள் கடந்தபின் படம் ஏற 3 மணி நேரம் வரை ஆகும்; காய்ந்த புல்லில் அதற்குள் தீ எங்கோ போயிருக்கும். புகை தெரிந்தால் வரைபடத்தைத் திறக்க வேண்டாம், 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

'தீ மேலேதான் ஏறும், அடிவாரத்துக்குப் பயமில்லை' என்பது பாதி உண்மைதான். இரவில் மலைக்காற்று கீழே இறங்கும். எரிகிற கட்டை உருண்டும் வரும்.

வீட்டுக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ தரும் கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும்: சுவரிலிருந்து 5 அடி வரை ஒரு வட்டம், 30 அடி வரை அடுத்தது, 100 அடி வரை கடைசி; வீட்டை நெருங்க நெருங்க எரியும் பொருள் குறைய வேண்டும். அவர்கள் படங்களில் மரவீடுகளைப் பார்த்து 'நமக்கில்லை' என்று மூடிவிடாதீர்கள். பல வீடுகளைப் பற்ற வைப்பது தீநாக்கு அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு. நம் செங்கல் சுவர் தாங்கும். கீற்றுப் பந்தலும் நாட்டோட்டுக் கூரையும் தாங்காது. இறவாரத்தில் ஓட்டின் திறந்த வாய்க்குள் அணில் தேங்காய் நாரைத் திணித்து வைத்திருக்கும், கங்கு விழ அதைவிடத் தோதான இடம் கிடையாது. நாரை இழுத்துப் போட்டுவிட்டுச் சாந்து வைத்து அடைத்தால் போதும்.

காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை. நைலான் கொசுவலை உருகிவிடும். அடுப்படியில் வலை கரியேறி அடைத்துக்கொள்ளும், எரிச்சலில் கழற்றி எறிவார்கள். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் 5 அடியில் விறகு, மட்டை, சாக்கு எதுவும் கூடாது, வெறும் மண் தெரிய வேண்டும். வைக்கோல் படப்பு 30 அடிக்கு அப்பால், மலைப்பக்கம் இல்லாமல். புல்லை அரிவாளால் காலையிலேயே அறுத்துவிடுங்கள். நண்பகலில் இயந்திரத்தின் இரும்புத் தகடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். கூட்டிய சருகுக்கும் தீ வைக்காதீர்கள், குப்பைக் குழியில் போடுங்கள்.

தண்ணீருக்கு மோட்டாரை நம்ப வேண்டாம், மின்சாரம் முதலில் போகும். மேல்தொட்டியிலிருந்து நேராக இறங்கும் ஒரு குழாய், 200 லிட்டர் டிரம், இரண்டு வாளி, ஈரச்சாக்கு. இதெல்லாம் பறந்து விழும் கங்குக்குத்தான். தீயே வேலியைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டும். தொழுவத்தில் மாட்டுக் கயிற்றை உருவு முடிச்சாகப் போடுங்கள், பக்கத்தில் ஆணியில் ஓர் அரிவாள் தொங்கட்டும். புகையில் மிரண்ட மாடு இழுத்து இறுக்கிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது.