அக்கா பொண்ணு போட்டோவ ஏஐல மாத்தி மிரட்டுனான், கம்ப்ளைன்ட் குடுத்த அனுபவம்

எங்களுக்கு தண்டையார்பேட்டை. அக்கா பொண்ணு ஒம்போதாவது படிக்குது, எவனோ இன்ஸ்டாவுல இருந்து அது போட்டோவ எடுத்து ஏஐல அசிங்கமா மாத்தி, காசு அனுப்பு இல்லனா கிளாஸ் குரூப்ல போட்ருவேன்னு மிரட்டிட்டான். மாமா போனை புடுங்கி எல்லாத்தையும் டெலீட் பண்ண போனாரு, நான்தான் தடுத்தேன், அவனோட ஐடி லிங்க்கு, மெசேஜு, யூபிஐ ஐடி இதெல்லாம்தான் எவிடென்ஸே.

மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள் குழந்தைகள் பிரிவுல பதிஞ்சோம். பேர் சொல்லாமயும் பதியலாம், ஆனா அப்புறம் கம்ப்ளைன்ட் என்னாச்சுன்னு பாக்க முடியாது, அதனால பேர் போட்டே குடுத்தோம். ஹெல்ப்லைன் நம்பர்னா 1930 பணம் போனவங்களுக்கு, குழந்தைங்க விஷயம்னா 1098.

அப்புறம் ஸ்டேஷன். அங்க இருந்த ஏட்டு, "இது நெஜ போட்டோ இல்லியேம்மா, கம்ப்யூட்டர்ல பண்ணதுதான, இதுக்கு எதுக்கு போக்சோ"ன்றாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. 2019ல போக்சோவ திருத்துனப்பவே கம்ப்யூட்டர்ல உருவாக்குனது, மாத்துனது எல்லாம் உள்ள வந்தாச்சு சார், குழந்தைங்கள ஆபாசமா காட்டுற படத்துக்குன்னே ஐடி ஆக்ட் 67பி வேற இருக்குன்னு மொபைல்ல செக்‌ஷனை எடுத்து காட்டுனேன். சட்டத்த இன்னும் கடுமையாக்கணும்னு டிவில கத்துறாங்க, இருக்கிற சட்டத்த மொதல்ல ஸ்டேஷன்ல படிக்க வைங்கப்பா. அடுத்து, அந்த படத்த என் வாட்ஸப்புக்கு அனுப்புன்னாரு. மாட்டேன் சார், போனையே மகஜர் (என்ன எடுக்குறாங்கன்னு சாட்சி வச்சு எழுதுற பேப்பர்) போட்டு எடுத்துக்கோங்கன்னுட்டேன்.

எஸ்ஐ மேடம் வந்ததும்தான் வேலை நடந்துச்சு, தங்கமான மனுஷி. சாயங்காலம் சுடிதார்ல வீட்டுக்கே வந்து, அக்காவ பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பாயில உக்காந்து பொறுமையா ஸ்டேட்மென்ட் எழுதிக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு ஆயா ஸ்கூல் டீச்சர்னு நெனச்சுக்கிச்சு. யூனிஃபார்ம்ல வரக்கூடாதுன்னு போக்சோ 24வது பிரிவுலயே இருக்காம். எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீயா குடுத்தாங்க, அது நம்ம உரிமை, கேட்டு வாங்குங்க.

நைட்டு டேக் இட் டவுன்ங்கிற வெப்சைட்ல போட்டோம், இந்த மாதிரி படத்த நெட்ல இருந்து தூக்க உதவுறது, அமெரிக்காவுல என்சிஎம்இசின்னு ஒரு அமைப்பு நடத்துறது. படம் நம்ம போனை விட்டு வெளிய போகாது, அதுக்கு ஒரு நம்பர் மாதிரி உருவாக்கி அத மட்டும் இன்ஸ்டா மாதிரி கம்பெனிங்களுக்கு குடுப்பாங்க, யாராச்சும் அதே படத்த ஏத்துனா கண்டுபிடிச்சு தூக்கிருவாங்க.

படத்த யாராச்சும் சேவ் பண்ணி வச்சிருந்தா என்ன பண்றதுன்னு அக்காவுக்கு பயம். வெறுமன வச்சிருந்தா குத்தமில்லன்னு நம்ம ஹைகோர்ட் 2024 ஜனவரில ஒரு கேஸ்ல சொன்னத, அதே வருஷம் செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தூக்கி போட்ருச்சு.

அந்த ஐடி காலி. ஆள் இன்னும் சிக்கல, கேஸ் ஓடிட்டு இருக்கு. புடுங்குன போனை பாப்பாவுக்கு திருப்பி குடுக்க மாட்டேன்னு மாமா ஒத்த கால்ல நிக்கிறாரு, தப்பு பண்ணவன் எவனோ தண்டனை இதுக்கான்னு இப்ப அவரோடதான் எனக்கு சண்டை.