ஹேக்குக்குப் போனால் கச்சதீவு மாறுமோ?

கச்சதீவை இந்தியா திரும்பப் பெற "ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம்தானே" எண்டு கனபேர் எழுதுகினம். இரு தரப்பும் ஏதோ ஒரு வழியில் சம்மதிக்காமல் அந்த நீதிமன்றம் வழக்கை எடுக்கவே ஏலாது. இந்தியாவோ அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் தன் பிரகடனத்தில் பொதுநலவாய நாடுகளுடனான பிணக்குகளை விலக்கி வைத்திருக்கு. இலங்கையும் அதுக்குள் அடக்கம்.

சரி, போனாலும் நீதிபதிகள் முதலில் தேடுவது ஒப்பந்தத்தை. உதாரணத்துக்கு, நைஜீரியாவும் கமரூனும் உரிமை கோரிய பகாசி குடாநாட்டில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் நைஜீரியர். நிர்வாகமும் நைஜீரியாவின் கையில்தான் இருந்தது. ஆனாலும் 1913 ஆங்கில-ஜேர்மன் ஒப்பந்தத்தை வைத்து 2002இல் அது கமரூனுக்கே எண்டு தீர்த்தார்கள். நைஜீரியப் படை விலகத் தொடங்க 2006 ஆச்சு, முழுக் கையளிப்புக்கு 2008.

எங்களுக்கு, கச்சதீவு இலங்கையின் பக்கம் எண்டு எல்லை வகுத்த 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் இருக்கு. அதன் 5ஆம் உறுப்புரையையும் வாசியுங்கோ: இந்திய மீனவர், யாத்திரிகர் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சதீவுக்கு வரலாம். மீன்பிடி எண்ட சொல் அந்த உறுப்புரையில் இல்லை.