கருப்பட்டி அனுப்பும் வாழ்த்து

டிசம்பர் 6, 2025, சனி

இந்த வருடம் ஹியூமன்லைட்டுக்குக் கடை அட்டை வேண்டாம், கருப்பட்டியை வைத்து நாமே செய்துவிடலாம் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். கருப்பட்டி எங்கள் பூனை. மீசை தவிர எல்லாம் கறுப்பு.

ஹியூமன்லைட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டிசம்பர் 23. மதம் சாராதவர்களும் குளிர்காலத்தில் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்று இங்கே நியூஜெர்சியில் மனிதநேயர்கள் சிலர் 2001இல் ஆரம்பித்த விழா. கிறிஸ்துமஸோடு இடிக்கக் கூடாது என்றுதான் 23. கட்டாயச் சடங்கு எதுவும் கிடையாது. பல வீடுகளில் பகுத்தறிவுக்கு ஒன்று, பரிவுக்கு ஒன்று, நாளையைப் பற்றிய நம்பிக்கைக்கு ஒன்று என்று மூன்று மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எடிசனில் இருக்கிற எங்களுக்கு இது உள்ளூர்த் திருவிழா மாதிரி.

எனக்கு இதில் ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் அப்பா. பழைய சுயமரியாதைக்காரர். தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக் கூட வாங்கித் தராதவர், பொங்கல் வந்தால் மட்டும் கட்டுக் கட்டாக வாழ்த்து அட்டை வாங்குவார். கரும்பும் சூரியனும் உள்ளது பெரியவர்களுக்கு, நடிகர் படம் போட்டது அத்தை பிள்ளைகளுக்கு. தபால் கட்டணம் குறையும் என்று உறையை ஒட்டாமல் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதுவது என் வேலை.

டிசம்பர் 7, ஞாயிறு

படம் எடுக்கும் படலம். கறுப்புப் பூனையைப் போனில் பிடிப்பது லேசான காரியம் இல்லை. வெள்ளைப் போர்வையில் உட்கார வைத்தால் போர்வை அழகாக வருகிறது, நடுவில் பூனை உருவத்தில் ஓர் ஓட்டை. ஃப்ளாஷ் போட்டால் கண் இரண்டும் பச்சையாக எரிகின்றன. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கிறது. இருட்டில் அதற்கு அது வரம், நமக்குப் பேய்ப்படம்.

கடைசியில் மர நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டோம். மகள் தரையில் மல்லாந்து படுத்துப் போனைப் பிடித்தாள். நான் பின்னால் நின்று நெத்திலிக் கருவாட்டை ஆட்டினேன். காது விறைத்து, ஒரு முன்னங்கால் பாதி தூக்கி, மீசை ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் தனித்தனியாக. அதுதான் படம்.

கலைமான் கொம்பு வைத்த தலைப்பட்டை ஒன்றும் வந்து இறங்கியிருந்தது. போட்டதும் காதை மண்டையோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். பிராணிகளுக்கு வேஷம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிரிப்பு நமக்கு, அவஸ்தை அதற்கு.

டிசம்பர் 13, சனி

போட்டோவை அப்படியே ஒட்டாமல், அதைப் பார்த்து வரைந்து அச்சுப் போடலாம் என்று ஆனது. பெரிய உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தை டிஷ்யூவில் நன்றாக ஒற்றி, பேனாவால் பூனை உருவம் வரைந்து, சுற்றி இருப்பதைச் செதுக்கித் தள்ள வேண்டும். ஈரத்தோடு விட்டால் பெயிண்ட் நீர்த்துப் பரவிக் கருப்பட்டிக்குத் தொப்பை போட்டுவிடும். முதல் அட்டை அந்தக் கோலத்தில்தான் இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டேன் என்று மகள் தன் மேசைக்கு மேலே குத்திக்கொண்டாள்.

பின்னணிக்குப் பனித்துகள். இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து வெண்டைக்காய் வாங்கி வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் போட்ட அதே வெண்டைக்காய் அச்சு. வெள்ளைப் பெயிண்டில் தோய்த்து வைத்த உடனே தடுத்தாள். “அம்மா, இதுக்கு அஞ்சு மூலை. ஸ்நோஃப்ளேக்குக்கு ஆறு.”

வாதாட வழியில்லை. பனித்துகள் ஏன் எப்போதும் ஆறு மூலையாகவே விழுகிறது என்று 1611இலேயே வானியலாளர் கெப்ளர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன என்ற விடை மிகவும் பிந்தித்தான் வந்தது. வெண்டைக்காய்க்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது. நட்சத்திரம் என்று வைத்துக்கொள் என்றேன். சரி என்று மஞ்சள் பெயிண்டுக்கு மாறினாள்.

உள்பக்கத்தில் கருப்பட்டியின் கையெழுத்து. பாதத்தில் மை படக் கூடாது, பிறகு நக்கித் தொலைக்கும். அதனால் அட்டையின் மேல் இரண்டு சொட்டு பெயிண்ட் விட்டு, ஜிப் பைக்குள் போட்டு மூடி, பைக்கு மேலே கருவாட்டுத் துண்டு. அது ஏறி மிதித்துத் தின்ன, பெயிண்ட் உள்ளேயே நசுங்கிப் பரவியது. பாதச்சுவடு என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கால் சுத்தம், அட்டையும் ஜோர்.

டிசம்பர் 14, ஞாயிறு

என்ன வாசகம் எழுதுவது? எதிர்வீட்டு அம்மாளுக்கு இன்று மாலை யூதர்களின் ஒளி விழாவான ஹனுக்கா தொடங்குகிறது. மாடியில் குஜராத்திக் குடும்பம். கோடி வீட்டுக்காரர்கள் இப்போதே கிறிஸ்துமஸ் மரம் கட்டிவிட்டார்கள். எங்கள் விழாவின் பெயரைக் கேள்விப்பட்டவர் தெருவில் ஒருவரும் இல்லை.

இந்தத் தலைவலி புதிதா என்று தேடினால், 1843இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையிலேயே சாமி படம் இல்லை. நடுவில் ஒரு குடும்பம் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஏழைக்குச் சோறும் துணியும் கொடுக்கிறார்கள். ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். குழந்தை வாயில் ஒயின் கோப்பையா என்று மதுவிலக்குக்காரர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் அட்டையில் அந்தச் சிக்கலும் இல்லை. பூனையின் மதம் என்ன என்று எவரும் கேட்கப்போவதில்லை. “இருட்டு காலம் இதமாகக் கழியட்டும். இப்படிக்கு, கருப்பட்டி” என்று இரண்டு மொழியிலும் எழுதிவிட்டோம்.

சதுர அட்டைதான் அழகு என்று மகள் அடம்பிடித்தாள். சதுர உறை இங்கே தபால் இயந்திரத்துக்குள் போகாது. நீளம் உயரத்தைப் போல 1.3 மடங்காவது இருந்தால்தான் எது மேல் எது கீழ் என்று அதற்குப் புரியும். இல்லையென்றால் கூடுதல் கட்டணம். 5க்கு 7 அங்குலம் என்று தீர்ப்பு.

டிசம்பர் 15, திங்கள்

தபாலில் சேர்த்தாயிற்று. உள்ளூருக்கு 78 சென்ட், இந்தியாவுக்கு 1.70 டாலர். அப்பாவுக்குப் போவது 23ஆம் தேதிக்குள் கிடைக்காது. அதில் மட்டும் “பொங்கல் வாழ்த்து தாத்தா” என்று சேர்த்திருக்கிறாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலை 10:03க்குக் கதிர்த்திருப்பம். வருடத்திலேயே குறுகிய பகல் இன்றுதான். இனி பகல் நீளும். ஆனால் சூரியன் ஜனவரி முதல் வாரம் வரை இன்னும் தாமதமாகத்தான் எழும், அதனால் பள்ளி நாள் காலைகளுக்கு விடிவு இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

மூன்று மெழுகுவத்தியும் பேட்டரியில் எரிபவை. நெருப்பும் பூனை மீசையும் ஒரே மேசையில் ஒத்துவராது. ஜிகினாத் தோரணமும் கிடையாது; பூனை நூல்போல் விழுங்கிவிட்டால் குடலைச் சுருட்டிவிடும், ஆபரேஷன்வரை போகும். அப்புறம் சுண்டல், எலுமிச்சைச் சாதம், கேக்.

எதிர்வீட்டு அம்மாள் பதில் அட்டை கொண்டுவந்தார். முகவரியில் எங்கள் பெயர் இல்லை. ‘கருப்பட்டி, சோபாவின் கீழ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உள்ளே தன் கிழட்டு நாயின் படம். கோடி வீட்டுச் சிறுவன் வந்து உருளைக்கிழங்கு அச்சை இரவல் கேட்டான். அது எப்போதோ அழுகிவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

அப்பா போன் செய்தார். அட்டை மாட்டுப் பொங்கலன்று கிடைத்ததாம். தெருவில் நாலு பேரிடம் காட்டியாகிவிட்டது.

“அச்செல்லாம் சுத்தமாத்தான் விழுந்திருக்கு. அதுக்காக இன்னிக்கு நாள்ல வந்து சேர்ற அட்டையில மாடு இல்லாம எப்படிம்மா?” என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள், “மாட்டுக்கு உருளைக்கிழங்கு பத்தாது தாத்தா. அடுத்த வருஷம் அம்மாவைச் சேனைக்கிழங்கு வாங்கச் சொல்றேன்” என்றாள்.