பன்னாடை

ஃபெரோ ராடை (உரசினால் தீப்பொறி பறக்கும் உலோகக் குச்சி) நாற்பது தடவையாவது உரசியிருப்பேன். பொறி பறந்தது. தீ மட்டும் வரவில்லை.

அழகர்மலை அடிவாரத்தில் நண்பனின் தோப்பு. (காப்புக்காட்டுக்குள் தீ மூட்டினால் வழக்கு வரும், அதனால் தோப்பு.) தீப்பெட்டி இல்லாமல் டீ போட்டே தீருவது என்று வைராக்கியம். ராத்திரி மழையில் சருகெல்லாம் நமுத்துக் கிடந்தது.

ஆடு மேய்க்கும் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம், "பன்னாடை..." என்றார்.

சரி, திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கை குட்டைத் தென்னையைக் காட்டியது. தொரட்டியால் ஒரு இழுப்பு. மட்டையடியில் வலை மாதிரி ஒட்டியிருக்கும் பன்னாடை கீழே விழுந்தது. மேலடுக்கு ஈரம், உள்ளடுக்கு மொறமொறவென்று இருந்தது. அதைக் கசக்கி, இழை இழையாகப் பிரித்து, குருவிக்கூடு மாதிரி சுருட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது உரசலில் பிடித்துக்கொண்டது.

பொறியின் சூடு 3000 டிகிரியை எட்டும், ஆனால் கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். அதற்குள் பற்ற மெல்லிய நார் வேண்டும். வீடியோவில் பார்த்ததுதான்.

வடிகட்டும்போது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் பன்னாடை வசவானது. இத்தனை வீடியோ பார்த்து நான் எதைப் பிடித்து வைத்தேனோ!

"சீனி பத்தலை தம்பி" என்றார் பெரியவர்.