எம்127: பள்ளி லேப்டாப்பில் 125 சுற்று

எடுத்த எண் எம்127, அதாவது 2^127−1 = 170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் 1876-இல் கணினி இல்லாமலே இது பகா எண் என்று காட்டிவிட்டார். அதையே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளோடு கணினியில் செய்து பார்த்தது இது. கேரளப் பள்ளி லேப்டாப்பில் லினக்ஸும் பைத்தான் நிரல்மொழியும் ஏற்கெனவே இருக்கும், எதையும் இறக்க வேண்டாம்.

கால்க் விரிதாள் இதற்கு ஆகாது. 15 இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. அதற்கு 2^127-உம் 2^127−1-உம் ஒன்றே.

வகுத்துப் பார்ப்பதும் வேலைக்காகாது. வகுக்கும் பகா எண் இருந்தால் அது 254-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 509 பகா எண்தான், ஆனால் மீதி 5, கழிந்தது. தேறும் முதல் எண் 2287. இப்படி எவ்வளவு சலித்தாலும் வர்க்கமூலம் 20 இலக்கம், எங்கே போய் முடிக்க?

ஆகவே லூக்காஸ்–லேமர் சோதனை. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, எம்127-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். இதை 125 முறை செய்து கடைசியில் 0 வந்தால் பகா எண். பைத்தானில் மீதிக்குறி (%) போட்டாலே போதும், கண் சிமிட்டுவதற்குள் 0 வந்துவிடுகிறது.

வகுத்தலே இல்லாமல் செய்வதில்தான் சுவை. இரும எண்ணில் கீழ் 127 பிட்டை (இரும இலக்கத்தை) தனியே வெட்டி, மேலே மிஞ்சியதை 127 இடம் வலப்பக்கம் நகர்த்தி அதோடு கூட்டினால், அந்தச் சிறிய எண்ணுக்கும் அதே மீதிதான். இங்கே இரண்டு பொறி. ஒன்று, அடைப்புக்குறி: பைத்தான் முதலில் கூட்டும், பிறகு நகர்த்தும், கடைசியில்தான் பிட் வெட்டும். இரண்டு பகுதிக்கும் தனித்தனியே அடைப்பு போடாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பு.

இரண்டாவது இன்னும் மோசம். சின்ன எண் 127-ஐ (2^7−1) இதே வழியில் ஓட்டினால் 4, 14, 67, 42, 111. அடுத்து 111×111−2 = 12319. கீழ் 7 பிட் 31, மேலே 96, கூட்டினால் 127. அது 0 அல்ல, வகு எண்ணே! மீதி என்று பார்த்தால் 0-தான், ஆனால் நிரல் '0 இல்லை, பகு எண்' என்று சொல்லிவிடும். கூட்டியபின் விடை வகு எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் வகு எண்ணைக் கழித்துவிட வேண்டும்.

பகு எண்ணையும் ஓட்டிப் பார்க்காமல் நிரலை நம்பக் கூடாது. 2047-க்கு (2^11−1, பகு எண்) 9 சுற்று முடிவில் 1736 வர வேண்டும். 2^67−1-க்கும் 0 வராது. ஆனால் காரணிகளை இந்தச் சோதனை சொல்லாது. அவை 193707721, 761838257287 என்று 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் காட்டினார். இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

அடுத்தது 2^521−1, 519 சுற்று, 157 இலக்கம். 2^19937−1 வரை போகிறவர்களுக்கு: அது 6002 இலக்கம், பைத்தான் 3.11 முதல் 4300 இலக்கத்துக்கு மேல் அச்சிடச் சொன்னால் பிழை காட்டும். கணக்கு கெடாது, அச்சுக்கான வரம்பை மட்டும் உயர்த்தினால் போதும்.