குன்னூரில் ஒரு பத்மினி: பெட்ரோல் நெடியும் குறைந்துபோன மைலேஜும்

வண்டி பிரீமியர் பத்மினி, எண்பதுகளில் வாங்கியது. சித்தப்பா ஓட்டி, பிறகு என் கைக்கு வந்தது. 1089 சி.சி. எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க சோலெக்ஸ் கார்பரேட்டர், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் லீவர். குன்னூரில்தான் நிற்கிறது, பெரும்பாலும் மலையிலேயேதான் ஓடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துவந்தது, போன மழைக்காலத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 8-இல் வந்து நின்றது. கூடவே, உள்ளே உட்கார்ந்தாலே பெட்ரோல் நெடி. பின் சீட்டில் ஏற வீட்டில் யாரும் தயாராக இல்லை.

சமவெளியில் இதே கோளாறு வந்தால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போகும். கோயம்புத்தூர் வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார்கள், நெடி காற்றோடு போய்விடும். இங்கே மழை, பனி, குளிர் என்று நாலு கண்ணாடியும் ஏறியே இருக்கும். உள்ளே வந்தது உள்ளேயே நிற்கும். அதனால் மைலேஜைவிட நெடிதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

விசாரித்த இடத்திலெல்லாம் கிடைத்த யோசனை ஒன்றுதான்: "மலையில காத்து கம்மி சார், மெயின் ஜெட்டைச் சின்னதா மாத்திடுங்க." மெயின் ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை. யோசனையில் உண்மை இருக்கிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 17 சதவீதம்போலக் குறைவு. ஊட்டிக்குப் போனால் 20 சதவீதம். கார்பரேட்டருக்கு அது தெரியாது, ஜெட் வழியாக பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில், கலவை குன்னூரில் 9, 10 சதவீதம் கொழுப்பாகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிகுந்துவிடும். ஆனால் இந்த வண்டி இதே உயரத்தில்தான் இத்தனை வருஷமாக 12 கொடுத்தது. அது 8 ஆனதற்கு உயரம் எப்படிக் காரணமாகும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2025-இல் பங்க் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. சுத்த பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே ஜெட்டில் காற்று மிகுந்து, எத்தனால் கலவையை 9 சதவீதம்போல மெலிதாக்குகிறது. உயரம் கொழுப்பாக்குகிறது, எத்தனால் மெலிதாக்குகிறது. குன்னூர் உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஜெட்டைச் சின்னதாக்கினால் கலவை தேவைக்கு மேல் மெலிந்து, ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி, உள்ளே டக் டக்கென்று தட்ட ஆரம்பிக்கும். எத்தனாலுக்கு வெப்பசக்தி குறைவு என்பதால் லிட்டருக்கு 7 சதவீதம்போல மைலேஜ் குறையத்தான் செய்யும். அதைக் கழித்தால் 12 என்பது 11 ஆகும். 8 ஆகாது. ஜெட்டைத் தொடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அடுத்து, மலையில் மைலேஜை எப்படி அளப்பது? மேட்டுப்பாளையம் போய்வந்து பார்த்தேன் என்று சிலர் சொல்வார்கள். இறங்கும்போது ஒரு கணக்கு வரும், ஏறும்போது வேறு கணக்கு வரும். ஆள் ஏறிய பத்மினி சுமார் ஒரு டன். அதை 1500 மீட்டர் தூக்கவே, பழைய எஞ்சினின் திறனில், 2 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். சாலையில் உருட்டுவதற்கு ஆவது தனி. அதனால் புறப்பட்ட உயரத்திலேயே வந்து முடிகிற பாதையாகப் பிடித்தேன்: குன்னூர், கேத்தி வழியாக ஊட்டி, அங்கிருந்து கோத்தகிரி, திரும்பக் குன்னூர். சுமார் 70 கிலோமீட்டர். அதே பங்க், அதே பம்ப், வண்டி நிற்கும் இடமும் அதே. கழுத்து வரை நிரப்பாமல், நாசில் முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு சரி. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இந்தச் சுற்றைத்தான் ஓட்டினேன். ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்யவில்லை. செய்தால் எது பலன் கொடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

நெடியையும் பிரித்துப் பார்த்தேன். பச்சை பெட்ரோல் நெடி வேறு. எரிந்த புகை நெடி வேறு, அது கண்ணைக் கரிக்கும். முதல் ரகம் டேங்க் நிரப்பியதும், கொண்டை ஊசி வளைவுகளிலும் அதிகமாக வந்தது. இரண்டாம் ரகம் கேத்தி ஏற்றத்தில், முன் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் வந்தது. மூன்றாவதாக ஒன்று, காலையில் ஷெட்டைத் திறந்ததும் பானெட் பக்கமிருந்து. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நம்பத் தோன்றவில்லை.

மேட்டுப்பாளையத்தில் பத்மினி மாதிரிப் பழைய ஃபியட் வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த ஒரு பெரியவர் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "தம்பி, கார்பரேட்டரு கெடக்கட்டும். மொதல்ல டிப் ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க" என்றார்.

எஞ்சின் ஆயில் மட்டத்தைப் பார்க்கும் அந்தக் கம்பியை எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. நான் ஊற்றவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர்போல ஓடியது. முகர்ந்தால் ஆயில் வாசனைக்கு மேலே பெட்ரோல். சந்தேகமே இல்லை, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம்தான், அதாவது பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு. பத்மினியில் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, கேம் ஷாஃப்ட் தள்ளி இயக்குகிறது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோலில் ஒரு பங்கு கார்பரேட்டருக்குப் போகாமல் நேராக ஆயிலுக்குள் இறங்கும். மைலேஜ் போவது சின்ன நஷ்டம். பெட்ரோல் கலந்து மெலிந்த ஆயிலில் பேரிங்குகள் தேய்வதுதான் பெரிய நஷ்டம். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பேட்டரி வயரைக் கழற்றி, ஷெட் கதவை முழுக்கத் திறந்து வைத்துத்தான் பம்பைக் கழற்றினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு தங்கும்; பக்கத்தில் ஒரு சுவிட்ச் தட்டினாலும் ஆபத்து. தீயணைப்பு சிலிண்டரைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். பம்பின் மேல்மூடியைப் பிரித்ததும் டயாஃப்ரம் கையில் வந்தது. ரப்பர் பூசிய துணி, பல அடுக்கு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல், அதில் வெளிச்சம் தெரிந்தது. விரலால் மடக்கினால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. அந்தக் காலத்து உதிரிபாகத்தை அலமாரியில் வைத்திருந்து மாட்டினாலும் இதே கதிதான். எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் உள்ள கிட் வாங்கி மாட்டினேன். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதுசு.

சுற்று ஓட்டிப் பார்த்ததில் 9.5 வந்தது. காலை ஷெட் நெடி அடியோடு போய்விட்டது. சந்தோஷம்தான், ஆனால் 11 வரவில்லை. சில வாரம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்தால் லேசாக மறுபடி பெட்ரோல் வாசனை. ஆயில் மட்டம் ஏறவில்லை, வாசனை மட்டும். பம்பைத் திரும்பக் கழற்றிப் பார்த்தேன், அது நன்றாகத்தான் இருந்தது. தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றினால் நாலும் கரி பிடித்துக் கறுப்பு, பெட்ரோல் முழுதாக எரியவில்லை.

அப்போதுதான் டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்தேன். ஊட்டி வரை ஏறினாலும் கால்வாசியைத் தாண்டவில்லை; இறக்கத்தில் அடிக்கே வந்துவிடுகிறது. எஞ்சினிலிருந்து கூலிங் தண்ணீர் வெளியேறும் வாயைப் பிரித்தேன். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. எப்போதோ, ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூடாகிறது என்பதற்காக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சமவெளியில் இந்தப் பழக்கம் உண்டு. அங்கேயே அது சரியில்லை. நீலகிரியில் அது எஞ்சினை வாழ்நாள் முழுக்கக் குளிரில் நிறுத்தி வைப்பது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனியே விழும். கலவையை சிலிண்டருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாய் குளிர்ந்திருந்தால், பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி, திரவமாகவே சிலிண்டருக்குள் போகும். கொஞ்சம் எரியும், கொஞ்சம் கரியாகும், மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் சேரும். டிப் ஸ்டிக் வாசனைக்கு விளக்கம் கிடைத்தது.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் கோயம்புத்தூரில் கிடைத்தது. மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பார்த்தேன், நன்றாகத் திறந்தது. பழைய வண்டிக்கு வாங்கும் எதையும் சோதிக்காமல் மாட்டுவதில்லை. இப்போது வெலிங்டன் தாண்டுவதற்குள் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது.

குளிர் எஞ்சின் இன்னொரு பழக்கத்தையும் உண்டாக்கியிருந்தது: எப்போதும் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் விடும் ஏற்பாடு. சோலெக்ஸில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு கிடையாது. தனியாக ஒரு ஸ்டார்ட்டர் வழி, அதைத் திறந்து மூட வட்டமான ஒரு சின்னத் தட்டு. டாஷ்போர்டில் குமிழை முழுக்கத் தள்ளினாலும், கார்பரேட்டர் பக்கம் அந்த லீவர் கடைசி வரை போகாமல் நெல்மணி அகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றது. கேபிளின் வெளி உறை கிளாம்ப்பிலிருந்து நழுவியிருந்தது. அவ்வளவுதான். உறையைச் சரியாகப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்க ஐந்து நிமிஷம். ஸ்டார்ட்டர் வழி எந்நேரமும் கொஞ்சம் திறந்தே இருந்திருக்கிறது. ஓடிய கிலோமீட்டருக்கெல்லாம் அது குடித்திருக்கிறது. சோலெக்ஸ் வைத்திருக்கும் எல்லாரும் உள்ளே குமிழை நம்பாமல், பானெட்டைத் திறந்து லீவரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட், அது திறந்து மூடும் நீடில் வால்வு இரண்டையும் பார்த்தேன். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சத்தமில்லை, ஓட்டையில்லை. நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தை நிர்ணயிக்கிறது என்பதால் பழைய வாஷரையே திரும்பப் போட்டேன். ஏர் கிளீனர் சுமாராக இருந்தது, மாற்றினேன். பிரேக் உரசினாலும் மைலேஜ் போகும். நாலும் டிரம். ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் சக்கரங்கள் தாராளமாகச் சுற்றின.

உள் நெடி அப்போதும் இருந்தது. இந்த வண்டியில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைப்பது தடித்த ஒரு ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் குறையில்லை. அடிப்பக்கம் விரலை விட்டால் நீளவாக்கில் வெடிப்பு, விரலில் ஈரம். டேங்க் நிறைந்திருக்கும்போதும் வளைவில் பெட்ரோல் அலை மோதும்போதும் மட்டும் கசிகிறது, அதனால்தான் நிரப்பியதும் நெடி. ஹோஸ், அதன் கிளிப்புகள், டேங்குக்குள் காற்று போய்வரும் பிரீதரின் சின்னக் குழாய், எஞ்சின் பக்கத்து பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். எஞ்சின் பக்கத்துக்கு எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். சாதாரண கறுப்பு ஹோஸ் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

புகை நெடிதான் கடைசி. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறையும், சைலென்சர் புகை அங்கே சுழலும். டிக்கி ரப்பர் சரியில்லாவிட்டால், முன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியதும் பின்னாலிருந்து புகையை உள்ளே இழுக்கும். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து, டிக்கி விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தால் தாள் கிழிய வேண்டும். கீழ் விளிம்பு முழுக்க வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் பட்டியைப் புதிதாக ஒட்டினேன். டிக்கித் தரையில் விட்டுப்போயிருந்த இரண்டு ரப்பர் மூடிகளையும் போட்டேன். இதைத் தள்ளிப் போடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணமே கிடையாது. பனியில் கண்ணாடி ஏற்றி ஓட்டும்போது தலை வலித்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் ஒன்று வாங்கிப் பின் சீட்டருகே மாட்டியிருக்கிறேன்.

அதே சுற்றை ஓட்டினால் இப்போது 11 வருகிறது, ஒரு தடவை அதற்குச் சற்று மேலேயும். பிளக்குகள் இளம் பழுப்பு. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து கோத்தகிரி வரை வந்தார். அடுத்த வேலை டேங்கைக் கழற்றிக் கழுவுவது. பெட்ரோல் ஃபில்டரின் கண்ணாடியில் செந்துருவும் அடியில் ஒரு துளி தண்ணீரும் தெரிகிறது. இந்த ஊர் ஈரத்தில் எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.